மணி நின்ற பிறகுதான்

மார்ச் 4

மனைவிக்கு இடமாற்றம் வந்துவிட்டது. இனி நான் ஓட்டுகிற பஸ் போகிற தடத்திலுள்ள ரயில்வே கேட்டுக்கு அவள்தான் கேட் கீப்பர். நடத்துனர் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்: "வீட்ல அவங்க பேச்சக் கேட்டு நிக்கிறீங்க. இனிமே ரோட்லயும் அவங்க கேட்டுல நிக்கணும்." பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

மார்ச் 9

கேட்டுக்கு முன்னால், வளைவில், மெதுவாக வரச் சொல்லும் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. ஜவுளிக்கடை பேனர் அதை மூடிவிட்டதாம். கடைக்கு நேரில் போய் எடுக்கச் சொல்லப்போகிறாளாம். நமக்கேன் வம்பு என்றேன். பலகை தெரியாமல் வேகமாக வருகிறவன் நேரே தண்டவாளத்தில்தான் போய் நிற்பான் என்றாள்.

மார்ச் 12

பேனர் இறங்கிவிட்டது. எப்படி என்று கேட்டேன். "சொன்னேன், எடுத்துட்டாங்க." அவ்வளவுதான். இவளிடம் கதை கேட்பது கல்லில் நார் உரிக்கிற வேலை.

மார்ச் 21

படபடப்பு இன்னும் அடங்கவில்லை. எழுதினால் அடங்குமோ?

பகலில் ஒரு லாரி பின்னோக்கி வந்து கேட்டின் கம்பத்தை முறித்துவிட்டது. சரிசெய்ய ஆள் வந்து சேரவில்லை. சிவப்பு விளக்கும் மணியும் மட்டும்தான் வேலை செய்தன. அவள் சாலை நடுவே சிவப்புக் கொடியோடு நின்றாள். வரிசையில் முதல் வண்டி என் பஸ்.

சரக்கு ரயில் ஒன்று கடந்து போனது. விளக்கு அணையவில்லை, மணியும் ஓயவில்லை. பின்னால் ஒரே ஹாரன். அதான் போய்விட்டதே, எடுங்கள் என்று பஸ்ஸுக்குள் குரல்கள். விளக்கு கெட்டுப்போயிருக்கும் என்றார் ஒருவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பொய் சொல்வானேன், கால் பிரேக்கிலிருந்து லேசாக எழும்பியது. அவள் பார்த்துவிட்டாள். இரண்டு எட்டு வைத்து பஸ்ஸின் மூக்குக்கு நேரே வந்து நின்றாள்.

பின்னாலிருந்த காரிலிருந்து ஒருவர் இறங்கி வந்து, தான் யார் தெரியுமா என்று அவளைக் கேட்டார்.

"யாரா இருந்தாலும் சரிங்க. மணி நின்னப்புறம்தான்."

குரலை உயர்த்தவில்லை. கொடியை இறக்கவுமில்லை. அவர் மறுபடி வாயெடுப்பதற்குள், சரக்கு ரயில் மறைத்திருந்த பக்கத்திலிருந்து, அடுத்த தண்டவாளத்தில், விரைவு ரயில் பாய்ந்து வந்தது. பஸ் கண்ணாடிகள் அதிர்ந்தன. காரிலிருந்து இறங்கி வந்தவர் திரும்பிப் போய்க் காரில் ஏறிக்கொண்டார்.

மணி நின்றது. கொடியைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக விலகி, போகலாம் என்று கையசைத்தாள். பஸ் நிறைய ஆட்கள் — அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து அவளையே பார்த்தார்கள். அது என் பொண்டாட்டிதான்னு கத்தணும்போல இருந்துச்சு. எங்க கத்துறது? கியரப் போட்டு வண்டிய எடுத்தேன்.

மார்ச் 22

நான் ஓட்டுகிற பஸ் என்பதால்தான் பயப்படாமல் முன்னால் வந்து நின்றாயா என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க பஸ்ஸுன்னு நெனச்சிருந்தா கை நடுங்கியிருக்கும். யாரோ டிரைவர்னு நெனச்சுக்கிட்டேன்."

யாரோ டிரைவராம். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

மார்ச் 25

புதுக் கம்பம் போட்டாயிற்று.

ஏப்ரல் 6

முடி வெட்டிக்கொள்ளப் போனேன். புதிதாக வந்திருக்கும் கடைக்காரர் கண்ணாடியில் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்கதானே கேட்டம்மா வீட்டுக்காரர்?"

இத்தனை வருஷமும் இந்தத் தெருவில் அவள்தான் டிரைவர் சம்சாரம்.

ஆமாம் என்றேன். பெஞ்சில் காத்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாகவே.