கிராணியின் வேகன்

12 மார்ச் 1984
சாயங்காலம் ரிங்லெட்டில் நான் மோட்டார் வேலை பார்க்கும் பட்டறைக்குச் செல்லையா வந்தான். தேயிலைத் தோட்டத்துக் கிராணி, ஆபீசில் கணக்கெழுதுகிறவன். அடுத்த மாசம் ஓய்வாம். வேகனை விற்று, ஈப்போவில் மகள் வீட்டோடு ஓர் அறை கட்டிக்கொண்டு போய்விடப்போகிறானாம். நாலு சக்கரமும் இழுக்கிற ஜப்பான் மோட்டார் காடி. ஜம்பத்துக்கு வாங்கியது.

"காளி, வாங்க வர்றவனெல்லாம் நீ ஓட்டிப் பாத்துச் சொல்லணுங்குறான். நல்லதா நாலு வார்த்தை சொல்லுலா."

சிரிக்கிறான். அவனுக்கு ஞாபகமே இல்லை! அஞ்சு வருஷத்துக்கு முன்னால் என் பெண்டாட்டி வடிவுக்குப் பிரசவ வலி எடுத்தபோது இவன் வாசலில் நின்று கும்பிட்டேன். அப்போதிருந்த காடியைத் தரவில்லை. "சீட்டெல்லாம் நாசமாயிடும்பா, லோரியில ஏத்திட்டுப் போ." தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லோரியில்தான் போனோம். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் பிள்ளை போய்விட்டது. ஆம்பளப் புள்ள.

"சரிங்கய்யா" என்றேன்.

13 மார்ச்
வடிவிடம் சொன்னேன். குழம்பைக் கிண்டிக்கொண்டே, "விக்க விடாதீங்க" என்றாள்.

18 மார்ச், ஞாயிறு
கியா பார்மில் கோஸ் பயிர் போடுகிற நல்லுசாமி, பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தார். இந்த மலையில் குடும்பமே ஏறி உட்கார்ந்து, நான் தோட்டத்துச் சேற்றுமேட்டில் ஏற்றிக் காட்டினால்தான் விலை பேசுவார்கள்.

உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். அருமையான காடி. பெட்ரோல் எண்ணெய்தான் கொஞ்சம் குடிக்கும். பின்கதவு அகலமாகத் திறக்கிறது, காய்கறிக் கூடைகளை அப்படியே தள்ளலாம். மேட்டில் வழுக்கியதும் கியருக்குப் பக்கத்திலிருக்கும் சின்னக் கம்பியைத் தூக்கினேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தது, ஆடு மாதிரி ஏறிவிட்டது.

தார் ரோட்டுக்கு வந்ததும் அந்தக் கம்பியை இறக்க வேண்டும். இறக்கவில்லை. காய்ந்த தாரில் நாலும் இழுத்தால் வளைவில் சக்கரம் முரண்டு பிடிக்கும் — தெரிந்துதான் செய்தேன். பிரிஞ்சாங் கடைத்தெருவில் வளைத்துத் திருப்பினேன். டயர் கிறீச்சிட்டது, காடி குலுங்கிக் குலுங்கி நின்றது. பின்சீட்டு அம்மா "ஐயோ முருகா!" என்று கத்திவிட்டார்.

"என்னாண்ணே இது?"

"எனக்கென்னமோ மனசுக்குப் படல. புள்ளகுட்டிக்காரரு நீங்க" என்றேன்.

இறங்கி நடையைக் கட்டினார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

1 ஏப்ரல்
பிரிஞ்சாங் வாத்தியார் குடும்பம். அதே மேடு, அதே வளைவு. காடியை விட்டு ஓடாத குறை.

9 ஏப்ரல்
காடி சரியில்லை என்கிற சேதி மலையடிவாரத்துத் தாப்பா வரைக்கும் போய்விட்டது. கிராணி விலையை இறக்கி இறக்கிப் பார்க்கிறான், சீந்த ஆளில்லை.

"நான் ஓட்டுறப்ப ஒண்ணும் பண்ணலையே காளி?"

எப்படிப் பண்ணும்? ஆபீசுக்கும் வீட்டுக்கும் தாரிலேயே ஓடினவன், அந்தக் கம்பியைத் தொட்டதே கிடையாது. கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பாவம் பார்க்கணுமா நான்? எதுக்கு? அலையட்டும்லா, நல்லா அலையட்டும்!

2 மே
ஓய்வு பெற்றவனைத் தோட்டத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அறை கட்டாமல் வர வேண்டாம் என்று ஈப்போ மருமகன் கையை விரித்துவிட்டானாம். கிராணி ரிங்லெட்டில் வாடகைக்கு வீடு பிடித்திருக்கிறான்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே.

5 மே
கதவைத் திறந்தால் அவன் முகம். "என்னா காளி, பசியாறிட்டியா?"

மழையில் கடைக்குக் கிளம்பிய வடிவிடம், "ஏம்மா நனையுற, காடியில ஏறிக்க" என்றானாம். இவள் ஏறாமல் நடந்திருக்கிறாள். தொப்பலாக வந்து பையை வீசினாள். என்னைப் பார்த்து அழுதாள்.

"தெனம் இவன் மூஞ்சியிலயா நான் முழிக்கணும்? எவன் தலையிலயாவது அந்தக் காடியக் கட்டி, இவன அனுப்பித் தொலைங்க!"

தூக்கம் வரவில்லை. காடி விற்றிருந்தால் ஈப்போவுக்குப் போயிருப்பானே. வந்த வழியைப் பார்த்துக்கொண்டு போயிருப்பானே. நான்தானே பிடித்து நிறுத்தினேன்.

13 மே, ஞாயிறு
கியா பார்முக்குப் போனேன். நல்லுசாமி கோஸ் அடுக்கிக்கொண்டிருந்தார். கம்பியை நான் இறக்காமல் ஓட்டிய விஷயத்தைச் சொன்னேன், தங்கமான காடி, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றேன். வளைவில் நானே திருப்பிக் காட்டுகிறேன் என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கிராணி உங்களுக்கு எவ்வளவுண்ணே குடுத்தாரு?"

வாத்தியார் வீட்டுக்குப் போகவில்லை. திரும்பி வந்தபோது எதிர்வீட்டு வாசலில் கிராணி வேகனுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் வாசலைப் பார்த்த எங்கள் வீட்டு ஜன்னலை வடிவு உள்பக்கமாக ஆணி அடித்து மூடிக்கொண்டிருந்தாள்.