‘காத்து அடிச்சிருச்சு’ என்று எழுதிய குற்றம்

அனுப்புநர்:
த. வேலப்பன்,
(முன்பு வயர்லெஸ் ஆப்பரேட்டர், இப்போது புல்வெட்டு ஆள்)
மேல் பிரிவு லைன், 7ஆம் எண் வீடு,
சுங்கை தெபிங் தேயிலைத் தோட்டம்,
கேமரன் மலை, பகாங்.

பெறுநர்:
உயர்திரு தொழிலாளர் நல அதிகாரி அவர்கள்,
தானா ராத்தா.

பொருள்: தமிழ் தெரிந்தே தவறாக மொழிபெயர்த்து என் வேலையைப் பறித்த பெரிய கிராணி திரு. நாகரத்தினம் மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினாறு ஆண்டுகள் இத்தோட்டத்து வயர்லெஸ் அறையிலிருந்து கோலாலம்பூர் அலுவலகத்துடன் பேசி வந்தேன். 13-4-1981 மாலை தொடர்பு அறவே அற்றது. கருவியில் பழுதில்லை. பதிவேட்டில் காரணம் எழுதும் கட்டம் சிறியது. ஆகவே, “மேலே காத்து அடிச்சிருச்சு, பேச முடியலை” என்று சுருக்கமாக எழுதினேன். முழுமையாக எழுதாதது என் பிழை. ஒப்புக்கொள்கிறேன்.

2. பதிவேட்டை வாரந்தோறும் தோட்ட மேலாளரான துரைக்கு ஆங்கிலத்தில் பெயர்ப்பது, தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் வேலை. ஊர்ப்பேச்சில் ‘காத்து’ என்றால் பேய் என்றும் பொருள் உண்டு என்பதைப் பிடித்துக்கொண்டு அவர் பெயர்த்தது: “ஆப்பரேட்டரைப் பேய் பிடித்துள்ளது. அவனால் பேச முடியவில்லை.” துரைக்குத் தமிழ் தெரியாது. அதைப் படித்த மறுநாளே என்னைக் கொழுந்து லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இன்றுவரை கிராணியின் மேசை டிராயரில் இருக்கிறது. என் நாற்காலியில் அவருடைய மைத்துனர் ராதாகிருஷ்ணன் இருக்கிறார்.

3. நான் எழுதிய காற்று எது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். மிக உயரத்தில் வெயில் பட்டு மின்னேற்றம் பெற்ற துகள்கள் ஒரு படலமாக இருக்கின்றன. நம் வானொலி அலை அதில் பட்டுத்தான் திரும்புகிறது. அதே இடத்தில் மின்னேற்றமில்லாத சாதாரணக் காற்று அதைவிடப் பன்மடங்கு உண்டு. அந்தக் காற்று வீசினால் துகள்களையும் தள்ளும். அவையோ பூமியின் காந்தக் கோடுகளை விட்டு விலக முடியாமல், கம்பியில் கோத்த மணி போல அவற்றின் வழியே மேலும் கீழும் சறுக்கும். துகள்களும் சும்மா இருப்பதில்லை, பதிலுக்குக் காற்றை இழுத்துப் பிடிக்கும். சூரியன் சீறும் நாள்களில் துருவப் பக்கத்து மேல்காற்று சூடேறி நம் பக்கம் வீச, படலம் இடம் மாறி அலை எங்கோ போய்விடும். காதில் கேட்டு நான் அறிந்ததற்கு இந்த விளக்கத்தைத் தந்தவர் தானா ராத்தா அறிவியல் ஆசிரியர் திரு. கார்த்திகேசு. அவர் சாட்சி சொல்லச் சம்மதித்துள்ளார்.

4. பதினைந்து மாதமாகக் காலைப் பெரட்டில் ஆள் கூப்பிடும்போது, “ஒதுங்கிக்க லா, காத்து வருது” என்று சிரிக்கிறார்கள். என் மனைவி ருக்குமணி குழாயடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். எனக்குக் கோபம் தணியவில்லை ஐயா, தணிக்கவும் நான் முயலவில்லை.

5. சென்ற வாரம், 14-7-1982 அன்று, மறுபடியும் அதே காற்று வீசியது. ராதாகிருஷ்ணனாலும் பேச முடியவில்லை. “வானிலை சரியில்லை” என்று எழுதினார். அதைக் கிராணி அப்படியே பெயர்த்தார். மைத்துனரை யாரும் லோரியில் ஏற்றவில்லை.

ஆகவே, டாக்டர் சீட்டைத் துரையிடம் சேர்த்து, என் வேலையை எனக்கு மீட்டுத் தர வேண்டுகிறேன். அத்துடன், திரு. நாகரத்தினம் பெரட்டில் எல்லார் முன்னும் நின்று, நான் எழுதிய வரியையும் அதன் சரியான பொருளையும் உரக்க வாசிக்க வேண்டும். பின்பு ஒரு மாதம் வயர்லெஸ் அறையில் அமர்ந்து, காதில் விழுவதைத் தம் கைப்படத் தமிழில் எழுத வேண்டும்.

அவர் எழுதுவதைத் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் பொறுப்பை எனக்குத் தர வேண்டுகிறேன்.

இடம்: சுங்கை தெபிங் தோட்டம்
நாள்: 21-7-1982

தெளிந்த புத்தியுடன் கையொப்பமிடும்,
த. வேலப்பன்