சாம்பல் பட்டை

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நீ அனுப்பிய கலர் பென்சில் பெட்டி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. முப்பத்தாறில் ஒன்றுகூட முனை உடையவில்லை. உன் மகளிடம் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட்டேன். கட்டில் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு படம் போடுகிறாள். காய்ச்சல் அடியோடு விட்டுவிட்டது. சாப்பாட்டில்தான் ரொம்பப் படுத்துகிறாள். அந்த விஷயத்தில் அப்படியே உன்னை உரித்து வைத்திருக்கிறாள்.

போனில் நீ கேட்கும்போதெல்லாம் "தேறிட்டு வர்றா" என்று பூசி மெழுகினேன். உன் குரலைக் கேட்டால் நிஜத்தைச் சொல்ல வாய் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

வலது காலில் இன்னும் அசைவு இல்லை அக்கா. ஐந்து வாரம் ஆகிவிட்டது. நேற்று டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, இடது காலில் அசைவு ஓரளவு திரும்பும், வலது காலை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அசுத்தத் தண்ணீர் வழியாக வயிற்றுக்குள் போய் நரம்பைப் பிடிக்கும் கிருமி. அதன் பெயரை அவர் எனக்கு நிதானமாக விளக்கினார். அந்தப் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். எப்படி என்று சொல்கிறேன்.

"என் தங்கச்சி சாக்கடைக்கு ஜாதகம் எழுதுறா" என்று எல்லாரிடமும் கேலி செய்வாயே, அந்த வேலையில் நடந்தது இது. கழிவுநீர் ஏற்று நிலையங்களிலிருந்து வாரம் இரண்டு முறை பாட்டிலில் தண்ணீர் வரும். லேபில் அதிலுள்ள கிருமிகளின் மரபணுவைப் படித்து எண்களாகக் கொடுப்பார்கள். அதைப் படமாக்குவது நான். ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு நிறப் பட்டை. பட்டை தடித்தால் அந்தப் பகுதியில் நோய் ஏறுகிறது என்று அர்த்தம்.

முதலில் இருபது நிறம் போட்டிருந்தேன். மேலதிகாரி, "என்னம்மா இது, துணிக்கடை மாதிரி? எட்டுக்கு மேல போனா யாரும் பாக்க மாட்டாங்க" என்றார். எனக்கும் சரியென்றுதான் பட்டது. நூற்றில் ஐந்துக்குக் குறைந்த எல்லாக் கிருமிகளையும் ஒன்றாகச் சேர்த்து, "மற்றவை" என்று பெயர் வைத்து, சாம்பல் நிறம் கொடுத்தேன். படம் பளிச்சென்று ஆனது. கூட்டத்தில் பாராட்டினார்கள். உனக்குக்கூட போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன், ஞாபகம் இருக்கிறதா?

நம் தெருக் கழிவுநீர் போகும் நிலையத்தில் அந்தச் சாம்பல் பட்டை மூன்று வாரமாகத் தடித்துக்கொண்டே வந்தது. இந்தக் கிருமி அரை, இரண்டு, நான்கு என்று ஏறியிருக்கிறது. ஐந்தைத் தொடவில்லை. தொட்டால்தானே நிறம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அந்தப் படத்தைத் திறந்து வைத்திருந்தேன். உன் மகள் என் தோளில் முகவாயை வைத்துக்கொண்டு, "சித்தி, இந்தச் சாம்பல் மட்டும் ஏன் குண்டாயிட்டே போகுது?" என்று கேட்டாள். "அது குப்பைக்கூடைடா கண்ணு, ஒண்ணுத்துக்கும் ஆகாததெல்லாம் அதுல கிடக்கு" என்றேன். ஏழு வயசுப் பிள்ளை கண்ணில் பட்டது என் கண்ணில் படவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க இரண்டு நிமிஷம் ஆகாது. பார்க்கவில்லை. அடுத்த சனிக்கிழமை வழக்கம்போல நானே அவள் கையைப் பிடித்து நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே இறங்கிய இன்னும் மூன்று பிள்ளைகள் இப்போது இதே வார்டில் இருக்கிறார்கள்.

அவள் காய்ச்சலில் படுத்த பிறகுதான் சாம்பலைப் பிரித்துப் பார்த்தேன். மறுநாளே குளத்தை மூடினார்கள். "இதுக்கு மருந்தே கிடையாதும்மா, முன்னாடியே தெரிஞ்சாலும் என்ன பண்ணியிருப்பே?" என்று மேலதிகாரி ஆறுதல் சொன்னார். பிள்ளையைத் தண்ணீரில் விட்டிருக்க மாட்டேன் சார் என்றேன். இப்போது அந்தக் கிருமிக்குத் தனி நிறம் கொடுத்தாயிற்று. சிவப்பு. கொடுத்து என்ன பிரயோஜனம்?

என்னை நம்பித்தான் அவளை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் வேலைக்குப் போனாய். மன்னித்துவிடு என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நீ வந்து திட்டு, நாலு அறை அறை, அதற்குப் பிறகு என்னோடு பேசாமலே இரு. ஆனால் வா. கால் விஷயத்தை அவளிடம் யாரும் சொல்லவில்லை. "அம்மா வர்றதுக்குள்ள நடந்துடுவேனா சித்தி?" என்று கேட்கிறாள். நான் போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிக்கொள்கிறேன்.

இன்னொன்று. பெட்டியைக் கொடுக்குமுன் சாம்பல் பென்சிலை மட்டும் எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே. அவள் யானை வரைந்துவிட்டு அதைத் தேடோ தேடென்று தேடினாள். கடையில் வைக்க மறந்திருப்பார்கள் என்று சொன்னேன். "அம்மா வரும்போது வாங்கிட்டு வருவாங்க" என்று யானையை வெள்ளையாகவே விட்டு வைத்திருக்கிறாள். பென்சில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நீயே வந்து உன் கையால் கொடு அக்கா.

வழியில் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு, நல்லபடியாக வந்து சேர்.

இப்படிக்கு,
உன் தங்கை