அளவு தெரியாத நாற்காலி

மூன்றாம் தேதி

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நானும் உங்கள் மகனும் சௌக்கியம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டால், இருமிக்கொண்டே ஒன்றுமில்லை என்கிறீர்கள். அதனால் இனிமேல் கேட்பதாக இல்லை. மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்து மேலே படியுங்கள்.

போன் இருக்கும்போது எதற்காக இவ்வளவு நீளமாக எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்களும் மகனும் போனில் பேசியதைப் பக்கத்தில் நின்று கேட்டவள் நான். மூன்றாவது நிமிடம் குரல் ஏறியது. பத்தாவது நிமிடம் பந்தயத்தில் வந்து நின்றது. நடுவராக என்னைப் போட்டிருக்கிறீர்கள். பிறகு, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று இரண்டு பேரில் யாரும் வரக்கூடாது என்பதற்காக, பேசியதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் முகம் தெரியாத மூன்று பேர் அவனிடம் மரச்சாமான் செய்யச் சொல்லிக் கேட்டு வர வேண்டும். சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார், என் ஆபீஸ்காரர் யாரும் சேர்த்தியில்லை. மூன்று பேர் வந்து, அவனும் ஒப்புக்கொண்டால், அவன் இங்கேயே மரவேலை பார்ப்பான், நீங்கள் குறுக்கே பேசக்கூடாது. வராவிட்டால், அங்கே நீங்கள் வேலை பார்க்கும் துறைமுகக் கிடங்கில் சொல்லி வைத்திருக்கும் வேலைக்கு மறுபேச்சில்லாமல் கிளம்பி வருவான். இதுதானே?

முகம் தெரியாதவர்கள் நம் ஷெட்டைத் தேடி வர ஒரே வழி வெப்சைட். பதினோரு வருடமாக அடுத்தவர்களுக்கெல்லாம் செய்து கொடுக்கிறேன். பல் டாக்டர், டைல்ஸ் கடை, டியூஷன் சென்டர் என்று ஒருவரையும் விட்டதில்லை. பெற்ற பிள்ளைக்கு இப்போதுதான் முறை வந்திருக்கிறது. நடுவரே ஒரு கட்சிக்கு வேலை செய்யலாமா என்று கேட்காதீர்கள். பக்கத்தை வடிவமைப்பதோடு என் வேலை முடிந்தது. ஆர்டர் வருவதும் வராததும் அவன் பாடு.

என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். "அப்பா கூப்பிடற பேரையே வச்சிடும்மா" என்றான். எனவே ‘மரங்கொத்தி’. நீங்கள் எரிச்சலில் வைத்த பெயர்தான். பெரிய எழுத்தில் போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது.

போட்டோ எடுப்பதில்தான் சிக்கல். செய்த சாமான் எல்லாம் உங்கள் தங்கை வீட்டிலும் எதிர்வீட்டிலும் போய் உட்கார்ந்திருக்கிறது. ஷெட்டில் மிச்சம் இருப்பது அவன் மாதிரிகள் மட்டும். எதைச் செய்வதானாலும் முதலில் மிச்சத் துண்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று செய்து பார்ப்பான். அடியில் பென்சிலால் எதையோ கிறுக்கி ஜன்னலோரம் வரிசையாக வைத்திருக்கிறான். அவன் மரம் வாங்கப் போன நேரத்தில் வெள்ளைப் படுக்கை விரிப்பை மடித்துப் போட்டு, அவற்றை ஒவ்வொன்றாகக் கிட்டத்தில் வைத்து எடுத்துவிட்டேன். பெரிய நாற்காலிக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. நாலு டைல்ஸை வைத்து ஒரு மாளிகையையே காட்டியவளுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

மருந்தை மறக்காமல் குடிக்கச் சொல்லும்,
நடுவர்

*

பதினெட்டாம் தேதி

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

பக்கம் வெளியாகிப் பத்து நாள் ஆகிறது. இதுவரை இரண்டு பேர். முதலில் ஒரு மருந்துக்கடைக்காரர், கவுண்டருக்குப் பின்னால் உட்கார உயரமான ஸ்டூல் கேட்டார். அடுத்தது ஒரு பாட்டு டீச்சர். இரண்டு கதவுகளுக்கு நடுவில் உள்ள ஒடுக்கமான சுவரில் நிற்கும்படி புத்தக அலமாரி வேண்டுமாம். இருவரையும் எங்களுக்கு முன்பின் தெரியாது. விசாரித்துவிட்டேன். நீங்களும் விசாரிப்பீர்கள் என்று தெரியும், போன் நம்பரை அடியில் போட்டிருக்கிறேன்.

அறிமுகப் பக்கத்துக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்றால் ஒரே ஒரு வரி கொடுத்தான். "உட்காரப் போகிறவரை அளந்த பிறகுதான் நாற்காலி செய்வேன்." அவ்வளவுதான். இப்படி மிரட்டினால் யார் வருவார்கள் என்று கேட்டேன். அவன் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மருந்துக்கடைக்காரரை நம் சமையலறையில் உட்காரவைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை அளந்தான். அந்த மனிதர் ஊசி போடப்போவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பக்கத்தின் முகப்பில் ஒரு கைவைத்த நாற்காலியின் படத்தைப் போட்டிருக்கிறேன். மாதிரிகளிலேயே அழகு அதுதான். வலது கை மட்டும் ஒரு டம்ளரும் கண்ணாடியும் வைக்கும் அளவுக்கு அகலம். இருக்கையும் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதல். பக்கத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்தப் படத்தில்தான் நிற்கிறார்கள். படத்தைப் பார்த்தபோது அவன் முகம் சுருங்கியது. "இத ஏம்மா போட்ட" என்று கேட்டான். நன்றாக இருக்கிறது, அதனால் போட்டேன் என்றேன். மறுபடி உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கப் போய்விட்டான். தன் சாமானின் அருமை தனக்கே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னும் ஒருவர் வர வேண்டும், பன்னிரண்டு நாள் இருக்கிறது. நான் யார் பக்கமும் இல்லை.

இப்படிக்கு, சாப்பாட்டிலும் மரத்தூளைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்
உங்கள் மனைவி

*

இருபத்தொன்பதாம் தேதி

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

மூன்றாவது ஆள் வந்தார். அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் நிறுத்தாமல் படியுங்கள்.

வந்தவர் ஒரு தலைமை ஆசிரியை. அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். முகப்பில் இருக்கும் அந்த நாற்காலிதான் வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று எழுதியிருந்தார். எவ்வளவு நாள் ஆனாலும் காத்திருக்கிறாராம். அளவெடுக்க எப்போது வரட்டும் என்றும் கேட்டிருந்தார். நான் ஆபீஸிலிருந்து பாதியில் கிளம்பி ஓடிவந்தேன். சந்தோஷத்தில் பஸ்ஸில் சில்லறைகூட வாங்கவில்லை.

உங்கள் மகன் கேட்டுவிட்டு, "அது குடுக்கறதுக்கு இல்லம்மா" என்றான். வேறு எது கேட்டாலும் செய்கிறேன், அது மட்டும் முடியாது என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ராத்திரியெல்லாம் கண் எரிய உட்கார்ந்து செய்த பக்கம், நாளை மறுநாள் மாதம் முடிகிறது, இந்த நேரத்தில் பிகு பண்ணுகிறாயா, உனக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று கத்தினேன். அந்தம்மாவுக்கு இன்னொரு மாதிரியைக் காட்டி எழுதினோம். அவர் நன்றி சொல்லி விலகிக்கொண்டார்.

அவன் குளிக்கப் போன நேரத்தில் ஷெட்டுக்குப் போய் அந்த மாதிரியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அவன் கிறுக்கல் என்னவென்று அன்றுதான் படித்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் யார் உட்காரப் போகிறாரோ அவரையும், இருக்கையின் உயரத்தை இஞ்சிலும் எழுதி வைத்திருக்கிறான். ‘அத்தை, 16.’ ‘எதிர்வீட்டு அங்கிள், 18.’ இதில் ‘அப்பா’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான்.

வலது காலை மடித்துப் போட்டு உட்கார்ந்து, வலக்கைப் பக்கம் டம்ளரையும் கண்ணாடியையும் தேடுகிறவர் யார்? இருபத்தாறு வருடமாக உங்களோடு குடித்தனம் நடத்துகிற நான், அந்த நாற்காலியை மூன்று வாரம் தினமும் திரையில் பார்த்தும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அதை ஊருக்கு விற்க முகப்பில் வேறு போட்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்பாவிடம் அளவைக் கேட்டுவிட வேண்டியதுதானே என்றேன். "போன்ல கேட்டா எதுக்குன்னு கேப்பாரு. சொன்னா, இதுக்கெல்லாம் நேரமிருக்கா உனக்குன்னு ஆரம்பிச்சிடுவாரு" என்றான். போன தடவை நீங்கள் வந்த இருபது நாளில் எடுத்திருக்கலாமே என்றேன். "அவரு எங்கம்மா உக்காந்தாரு" என்றான். அது நிஜம். பாங்க், டாக்டர், சொந்தக்காரர் வீடு என்று ஓடியே லீவு முடிந்துபோனது.

முகப்புப் படத்தை எடுத்துவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறது. வேறெதையும் போட மனம் வரவில்லை.

நேற்று அவன் பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்தான். உளிகளுக்கு எண்ணெய் தடவித் துணியில் சுற்றினான். மருந்துக்கடைக்காரர் ஸ்டூலையும் டீச்சர் அலமாரியையும் முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புவதாகச் சொல்கிறான். பேச்சு மாறுகிறவன் இல்லை. அது என் வழி வந்த குணம் இல்லை.

நடுவர் என்ற முறையில் என் தீர்ப்பு: ஒப்புக்கொண்ட ஆர்டர் இரண்டு. மூன்றாவதை அவனே வேண்டாமென்றான். எதற்காக வேண்டாமென்றான் என்று எழுதிவிட்டேன். அதை எப்படி எண்ணுவது என்பதை உங்களிடம் விடுகிறேன். இது அவனுக்குத் தெரிந்தால் என்னிடம் ஒரு வாரம் பேசமாட்டான். பரவாயில்லை.

நான் யார் பக்கமும் இல்லை என்று போன கடிதத்தில் எழுதியது பொய். இவன் அங்கே வந்துவிட்டால் உங்கள் அளவு அவனுக்குக் கிடைத்துவிடும், ஆனால் கையில் உளி இருக்காது. எனக்கோ இந்த வீட்டில் பேச நீங்கள் இரண்டு பேருமே இருக்கமாட்டீர்கள்.

இன்று வேலை முடிந்து அறைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, காலை ஊன்றி நேராக உட்காருங்கள். முழங்கால் மடிப்பிலிருந்து தரைவரை எத்தனை இஞ்ச் என்று எழுதுங்கள். நீங்களே குனிந்து அளந்தால் அளவு தப்பிவிடுமாம், இன்னொருவர்தான் எடுக்க வேண்டுமாம். அங்கே எடுக்க ஆள் இல்லையென்றால் கிளம்பி வாருங்கள். இங்கே இரண்டு பேர் இருக்கிறோம்.

உங்கள் பதிலுக்காக விழித்திருக்கும்
உங்கள் மனைவி