நோட்டில் சரியாக இருந்த விடை

பாசமுள்ள டேனி அண்ணனுக்கு,

பாசம் என்று எழுதிவிட்டேன், கைப்பழக்கம். இப்போது உன்மேல் இருப்பதெல்லாம் கோபம்தான். நீ செத்து ஒரு வருஷம் ஆகிறது. மாரடைப்பு வந்து பொசுக்கென்று போய்விட்டாய், நேரில் நாலு வார்த்தை கேட்கக்கூட வழியில்லாமல்.

போன ஞாயிறு ஆம்பூரில் உனக்கு நினைவு ஜெபம். வந்திருந்த பைலட்டுகள் எல்லாம் ஒரே பாட்டு. "டேனி சார் மாதிரி எக்ஸாமினர் இனிமே பொறக்கணும். ஒருத்தரையும் ஃபெயில் பண்ணது கெடையாது." அண்ணி அழுதாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவா பெருமை?

உன் நோட்டு ஞாபகமிருக்கிறதா? விமானத்தைத் தானாக ஓட்டும் கருவி எப்போது எந்த மோடுக்கு மாறும் என்று என்னைப் போன்ற பைலட்டுகளைக் கேட்கிற பரீட்சைக்கு, கேள்வி விடை எல்லாம் எழுதி வைத்தாயே, அது. பரீட்சை எழுதி முடித்தவர்கள் புதுக் கேள்வியை உன்னிடம் ஒப்பித்துவிட்டுப் போவார்கள். லாங் பஜாரில் ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் விநியோகம். பரீட்சை வைக்கிறவனும் நீ, பிட் கொடுக்கிறவனும் நீ. வெட்கமாக இல்லையா உனக்கு?

நம் அப்பா தோல் ஷெட்டில் கிரேடு பிரித்தவர். ஒட்டியிருக்கும் சீட்டை நம்பி ஒரு தோலையும் அனுப்பியதில்லை. ஒவ்வொன்றையும் விரித்து, விரலால் அழுத்திப் பார்ப்பார். அவர் பிள்ளைக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியில் உன் இடத்தில் என்னை எக்ஸாமினராகப் போடுவதாகச் சொன்னார்கள். நான் ஒரே நிபந்தனை வைத்தேன். கேள்வித்தாள் வேண்டாம், சிமுலேட்டரில் ஓட்டவிட்டு, நடுவில் நிறுத்தி, விமானம் இப்போது என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். ஒத்துக்கொண்டார்கள். முதல் ஆளாக நானே உட்கார வேண்டும் என்றார்கள். சோதித்தவர் உன் தோஸ்த் இம்தியாஸ் அண்ணன்.

சிமுலேட்டரில் விமானம் ஏறிக்கொண்டிருந்தது. குறித்த உயரம் நெருங்கி, மெல்லச் சமன்படத் தொடங்கிய நேரம். கீழே இறங்கும்படி கட்டுப்பாட்டு அறையின் உத்தரவு வந்தது. உயரத்தைக் குறிக்கும் குமிழைத் திருகிக் குறைத்து வைத்தேன். பத்து நொடி விட்டு எல்லாவற்றையும் அப்படியே நிறுத்தினார்.

"இப்ப இன்னா பண்ணுது, கிரேஸ்?"

"எறங்குது."

"ஸ்கிரீன்ல மேல பாரு."

மேல் வரிசையில் மோடு மாறியிருந்தது. விமானம் இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போயிருந்தது. சமன்படும் நேரத்தில் குமிழைத் திருகினால், கருவி சமன்படுத்துவதை விட்டுவிடும், விமானம் ஏறிய வேகத்திலேயே ஏறிக்கொண்டு போகும். இது எனக்குத் தெரியாதா? உன் நோட்டிலேயே இருக்கிறதே! விடை 'இ'. ஒவ்வொரு தடவையும் 'இ' என்று போட்டு மார்க் வாங்கியவள் நான். கண்ணெதிரே நடந்தபோது தெரியவில்லை. மேலே இன்னொரு விமானம் வந்திருந்தால்? எனக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நீயா பதில் சொல்வாய்?

இம்தியாஸ் அண்ணன் பேனாவைத் திறந்தார். "வுடு தங்கச்சி. டேனி மொகத்துக்காக பாஸ் போட்டுடறேன். யாருக்குத் தெரியப் போவுது?"

உன்னை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது அண்ணா. செத்த பிறகும் பிட் கொடுக்கிறாய்.

"ஃபெயில்னு எழுதுங்கண்ணே."

"டேனி இருந்தா வருத்தப்படுவான்மா."

"படட்டும்."

எழுதிவிட்டார். மறுபடி சோதித்துத் தேறும்வரை நான் பறக்க முடியாது. எக்ஸாமினர் வேலையும் தொங்கலில் நிற்கிறது. சம்பளக் கணக்கை விட்டுவிட்டு, இத்தனை வருஷம் எத்தனை பேரைத் தூக்கிக்கொண்டு பறந்தேன் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நீ உயிரோடு இருந்திருந்தால் உன்னையும் அந்த நாற்காலியில் உட்காரவைத்திருப்பேன். நீ என்ன சொல்லியிருப்பாய் அண்ணா? "எறங்குது" என்றுதானே?

அந்த நோட்டைக் கிழித்துவிட்டேன். அடுத்த மாதம் மறுபடி உட்காருவேன். தேறினால் உன் இடத்துக்கு வருவேன். வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன், இந்தப் பரீட்சையில் முதலில் ஃபெயிலானது நான் என்று. எனக்கு அத்தனை வருஷமும் பாஸ் போட்டது யார் என்று கேட்பார்கள். உன் பேரைச் சொல்வேன். இது சத்தியம்.

உன் தயவில் தேறிக்கொண்டே இருந்து, இப்போதுதான் உண்மையான மார்க் வாங்கிய உன் தங்கை,
கிரேஸ்