வெறும் சூடு என்றார்கள்

இந்த நேரத்தில் உன்னைக் கூப்பிடுவதற்கு மன்னித்துவிடு. வீடு தூங்கிவிட்டது. இரண்டு நாளாகச் சோப்புப் போட்டுக் கழுவியும் என் கையில் விளக்கெண்ணெய் வாடை போகவில்லை. மகளின் தொப்புளைச் சுற்றித் தடவியிருந்ததைத் துடைத்த கை.

அவளை நீ பார்த்ததில்லை. அவள் பிறப்பதற்கு முன்பே நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். இப்போது மூன்று வயது. முந்தாநாள் காய்ச்சல் வந்தது. சளி இல்லை, இருமல் இல்லை. ஒன்றுக்குப் போகும்போது மட்டும் முகம் கோணிற்று. எண்ணெய் தடவியது அண்ணி, என் கணவரின் அக்கா. "மூணு பாறை மலைக்கு நடுவுல குடியிருக்கோம், புள்ளைக்கு சூடு புடிக்காம இன்னா பண்ணும்? எளநி குடு, எறங்கிடும்" என்றார்.

உன் வீட்டிலும் இதைத்தானே சொன்னார்கள்? சின்ன வயதில் அடிக்கடி காய்ச்சல், எண்ணெய், இளநீர். இறங்கும், மறுபடி வரும். ஒருவரும் சிறுநீரைச் சோதித்துப் பார்க்கவில்லை. நம் கல்லூரிக் கடைசி வருடத்தில் உன் கால் வீங்கிய பிறகுதான் தெரிந்தது. "ஒவ்வொரு தடவையும் காய்ச்சல் எறங்கிடுச்சு, கிட்னில தழும்பு மட்டும் நின்னுடுச்சுடி" என்றாய்.

டயாலிசிஸ் முடிந்து விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, அளந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டிய உனக்கு ஆசை வரக்கூடாதென்று தண்ணீர் பாட்டிலைப் பைக்குள் மறைப்பேன். "ஒளிக்காதடி, பாத்துக்கவாவது செய்றேன்" என்று சிரிப்பாய்.

அதனால் இந்த முறை நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. நேராகக் குழந்தை மருத்துவரிடம் போனேன். மருந்து தொடங்குவதற்கு முன் சுத்தமான டப்பாவில் சிறுநீர் பிடித்துத் தரச் சொன்னார். இவள் போனால்தானே? குழாயைத் திறந்துவிட்டேன். கணவர் குந்தி உட்கார்ந்து 'ஸ்ஸ்... ஸ்ஸ்' என்றார்.

"ஒண்ணுக்கு இருக்க வெக்கறதுக்குமா காலேஜ்ல படிச்சே?" என்று கதவோரம் நின்று கேட்டார் அண்ணி. பிறகு பொறுக்காமல் உள்ளே வந்து, "தள்றா, நீ ஊதறதுக்கு பஸ்ஸுதான் நிக்கும்" என்று தம்பியை விரட்டிவிட்டு, அவரே 'ஸ்ஸ்' போட்டார். உடனே வந்தது. கொஞ்சம்தான். கலங்கலாக இருந்ததைப் பார்த்ததும் அண்ணி சிரிப்பை நிறுத்திவிட்டார்.

சிறுநீரில் கிருமிதான். அன்றைக்கே மருந்து தொடங்கினோம். இன்று காய்ச்சல் விட்டுவிட்டது. "அதான் உட்டுடுச்சே, இன்னும் எதுக்கு அந்தக் கசப்பு? டென்ஷன் ஆவாத" என்கிறார் கணவர். டாக்டர் சொன்ன நாள்வரை கொடுத்தே தீருவேன் என்றேன். காய்ச்சல் இறங்கியதை நம்பாத இந்தப் புத்தி நீ விட்டுப்போனது.

ஆனால் காலையில் ஸ்கேன். போன மழைக்காலத்திலும் இவளுக்கு ஒரு காய்ச்சல் வந்து தானாகப் போனது. அது வெறும் காய்ச்சல்தானா, இதுவேதானா? தழும்பு ஏதும் விழுந்திருக்குமா? எங்கே வலிக்கிறது என்றால் பொம்மையின் வயிற்றைக் காட்டுகிறாள், அப்புறம் என் வயிற்றை. அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்த வயதில் உனக்கு முதலில் எங்கே வலித்தது? அடிவயிற்றிலா, முதுகிலா? எத்தனையோ பேசினோம், இதை மட்டும் நான் கேட்கவே இல்லை. விடிவதற்குள் பதில் சொல்லடி.