அண்ணன் பாதி எழுந்தார்

வர்ஜீனியா, ஏப்ரல் 1803

அன்புள்ள அம்மாவுக்கு, உங்கள் இளைய மகன் ஜெத்ரோ வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

நீங்கள் அண்ணனிடம் கொடுத்தனுப்பிய கம்பளிக் காலுறை கிடைத்தது. சட்டசபைத் தேர்தல் அன்றுதான் கொடுத்தார். அண்ணன் நாற்பது ஓட்டில் தோற்றுவிட்டார். கவலைப்படாதீர்கள், ஆள் திடமாகத்தான் இருக்கிறார்.

நீங்கள் ஓட்டுப் போடும் இடத்தைப் பார்த்ததில்லை அல்லவா? போட்டியிடுகிறவர்கள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். நாம் வாய்விட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும். பெயருக்கு உரியவர் எழுந்து நன்றி சொல்வார். அண்ணனை எதிர்த்து நின்றவர் என் மாவு மில் முதலாளி, கர்னல் வெதர்ஸ்பி.

"யாருக்குப்பா உன் ஓட்டு?" என்றார் தேர்தலை நடத்தும் ஷெரிப். நான் வாயைத் திறக்கும் முன்பே அண்ணன் சிரித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டார்.

"கர்னலுக்கு" என்றேன்.

கூட்டத்தில் ஒருவன், "அடப்பாவி, கூடப் பொறந்தவனா இவன்?" என்றான். கர்னல் உட்கார்ந்தபடியே, "சந்தோஷம்டா. நாளைக்கு நேரத்தோட வேலைக்கு வந்துடு" என்றார்.

அண்ணன் உட்காரவில்லை. அதற்காகவே எழுந்தவர்போல, கோட்டுப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். "அம்மா குடுத்தாங்கடா. ஈரக் காலோட நிக்காத."

என் ஓட்டு விழுந்திருந்தாலும் அவர் ஜெயித்திருக்க மாட்டார். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், தினமும் பார்க்கிறேன். காலுறையை இன்னும் போடவில்லை.

மில் மணி அடிக்கிறது. சளி விடவில்லை, நீங்கள் காய்ச்சும் மூலிகைத் தைலம் கொஞ்சம் வேண்டும். ஆனால் இனி யாரிடம் கொடுத்தனுப்புவீர்கள் அம்மா?

ஜெத்ரோ